ஏழாம் பக்கத்தில் எழுதிய இரகசியம்

நான் வேலை பார்த்த கந்தோர் வாசலில் அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

காலை பத்து மணி இருக்கும். பதுளையில் விடியலிலிருந்து பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தகரக் கூரையின் ஓரத்திலிருந்து அவருடைய தோளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஓர் அடி தள்ளி நிற்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார்.

என் அப்பா மாயாண்டியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது முற்றிய தேயிலைச் செடியைக் கத்தியால் கழிக்கிறவர். காய்ச்சல் வந்தாலும் கத்தியை எடுத்துக்கொண்டு மலையேறுகிற ஆள். வேலை நாளில் அவரைத் தோட்டத்துக்கு வெளியே நான் பார்த்ததே இல்லை. மாதம் ஒருமுறை நான்தான் ஊருக்குப் போய் வருவேன்.

"என்னப்பா, வேல நாளுல வந்திருக்கீங்க?"

"எனக்கு என்னா வேல தாயி? அதான் முடிஞ்சிருச்சே."

சட்டைக்குள் கையை விட்டு, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு காகிதத் துண்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட காகிதம். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கந்தோர் அச்சு இயந்திரத்திலிருந்து வந்த காகிதம் அது.

மேலே, ஓய்வு பெறுவோர் என்று ஆங்கிலத்தில் தலைப்பு. கீழே அப்பாவின் பெயர், தோட்டத்து வேலையாள் பதிவேடான செக்ரோலில் அவருடைய இலக்கம், வயது அறுபத்தொன்று.

அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தொன்று.

"ரெண்டு கெழமையா பெரட்டுல எம் பேரக் கூப்பிடல" என்றார்.

காலையில் கணக்கப்பிள்ளை ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம்தான் பெரட்டு. அங்கே ஒருவருடைய பெயரைக் கூப்பிடவில்லை என்றால், தோட்டத்தைப் பொறுத்தவரை அன்று அப்படி ஓர் ஆளே இல்லை.

"ரெண்டு கெழமையா! கணக்கப்பிள்ளகிட்ட கேக்கலியா நீங்க?"

"கேட்டேன். இந்தா பாரு மாயாண்டி, ஒம் மக ஆபிஸ்லேருந்துதான் வந்திருக்குன்னு இதக் காட்டினாரு. அதுக்கு மேல நான் என்னத்தப் பேசறது? எதுத்துப் பேசினா ஒனக்குல்ல கெட்ட பேரு." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "எனக்கு ஓய்வு குடுக்கணும்னு நீதான் எழுதிப் போட்டியா தாயி? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமே."

அந்தக் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அழுகை வருகிறது. பெற்ற மகள் தன் பெயரை வெட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதே என்று இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

செருப்பைக் கழற்றி நுழைய வேண்டிய அறை

எண்பதுகள் முடியப் போகிற காலம். பல தோட்டங்களுக்குப் பொதுவாகப் பதுளையில் ஒரு கந்தோர் இருந்தது. அதில் நான் தட்டெழுத்து லிகிதர். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது. தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்தில் பிறந்த பெண் கந்தோர் நாற்காலியில் உட்கார்ந்தது எங்கள் தோட்டத்தில் பெரிய பேச்சு. அந்தப் பேச்சுக்காகவாவது நாற்காலியை விட்டுவிடக் கூடாது என்று பயந்து பயந்து வேலை செய்தேன்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து லொறியில் கொம்பியூட்டர் வந்து இறங்கியது. ஏதோ சாமியைக் கொண்டுவருகிற மாதிரி நான்கு பேர் தூக்கிவந்தார்கள். அதற்குத் தனி அறை, தரை விரிப்பு, திரைச்சீலை, குளிரூட்டும் பெட்டி எல்லாம் ஏற்பாடு செய்தார்கள். செருப்போடு உள்ளே போகக் கூடாது. குளிருக்குப் பேர்போன வெலிமடைப் பக்கத்துக் கிளாக்கர்மார் சுவெட்டர் போட்டுக்கொண்டு வந்து, "எங்க ஊரே தேவல" என்று கையைத் தேய்த்துக்கொள்வார்கள். சரஸ்வதி பூசையன்று அதன் நெற்றியில் நான்தான் சந்தனப் பொட்டு வைத்தேன். நெற்றி எது என்பதில் அன்று சின்ன வாக்குவாதம்கூட நடந்தது.

இப்போதைய கணினியை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். படம் கிடையாது, தொட்டுத் திறக்கிற பெட்டி கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். அதற்கு என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் அடிக்க வேண்டும். முதலில் செய்ய வேண்டிய வேலை, அடுத்து இரகசியச் சொல், அடுத்து தொழிலாளியின் இலக்கம், கடைசியில் புதிய விவரம். இப்போது கடவுச்சொல் என்கிறார்களே, அதுதான் எங்களுடைய இரகசியச் சொல். சொல் சரியென்றால் இயந்திரம் சொன்னதைச் செய்யும். அடித்த ஒவ்வொரு வரியையும் பக்கத்திலிருக்கும் அச்சு இயந்திரம் கரகரவென்று காகிதத்தில் பதித்து வைத்துக்கொள்ளும்.

எழுத்துகள் திரையில் பளிச்சென்று தெரியும். முதுகுக்குப் பின்னால் தேநீர் கொண்டுவருகிறவருக்கும் தெரியும். அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சொல்லை வைத்தவர் பிரதம லிகிதர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாரென்றால் தட்டெழுத்து இயந்திரமே பிழை விடாது என்பார்கள். அவர் வைத்த சொல், ஊரில் அவர்கள் வீட்டில் நின்ற பசுவின் பெயர். என்ன பெயர் என்று கேட்காதீர்கள். அதை ஒருமுறை எழுதிப் பட்டது போதும். இந்த வாரப் பத்திரிகையிலும் நான் எழுதப் போவதில்லை.

கொழும்பிலிருந்து வந்தவர் மூன்று நாள் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தோட்டத்துக் கிளாக்கர்மார் முறை வைத்து எங்கள் கந்தோருக்கு வந்து, தங்கள் தோட்டத்து ஆட்களின் விவரங்களை இயந்திரத்தில் ஏற்ற வேண்டும் என்று ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி மாளாது. கனகசபை சேர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கிளாக்கர்மாருக்கு விளங்கிற மாதிரி தமிழிலை ஒரு சின்னப் புத்தகம் எழுது. ஒவ்வொரு வரியையும் அடிச்சுப் பார்த்து, சரிவந்ததை அப்பிடியே எழுத வேணும். ஒரு எழுத்தும் பிசகக் கூடாது."

ஒரு சின்னத் தாளில் இரகசியச் சொல்லை எழுதிக் காட்டி, "வாசிச்சுப்போட்டுக் கிழி" என்றார். நான் வாசித்துவிட்டுப் பதினாறு துண்டாகக் கிழித்தேன். இரகசியம் காப்பதில் என்னை விடக் கெட்டிக்காரி இல்லை என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

சுவரில் தொங்கிய படிவம்

இந்த இடத்தில் இருபது வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது.

எனக்கு ஏழு எட்டு வயது. தோட்டத்தில் எல்லோரும் பிரஜாவுரிமைக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, இந்தியாவில் பூர்வீக ஊர் என்று கேள்விமேல் கேள்வி. அப்போதிருந்த தோட்டத்துக் கிளாக்கர் நல்ல மனிதர். ஆள் ஆளாகச் சொல்லிக் களைத்துப்போய், ஒரு படிவத்தைத் தானே நிரப்பிக் கந்தோர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். மேலே சிவப்பு மையில் மாதிரி என்று எழுதியிருந்தார். இல்லாத ஒருவருக்கு ராமசாமி என்று பெயர் வைத்து, அவர் தைப்பொங்கலன்று பிறந்ததாகவும், பூர்வீகம் துறையூர் என்றும் எழுதியிருந்தார்.

எழுத்துத் தெரிந்தவர்கள் தங்களுக்கும் தெரியாதவர்களுக்கும் சேர்த்து அதைப் பார்த்து எழுதினார்கள். கந்தோரில் தொங்குகிற காகிதம் தப்பாக இருக்குமா? வரிக்கு வரி அப்படியே எழுதினார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பாதித் தோட்டத்துக்குப் பூர்வீகம் துறையூர். நான்கு பேருக்கு ஒரே தகப்பன். அதில் ஒருவர் தகப்பனையே ராமசாமியின் மகனாக்கியிருந்தார். தகப்பன் பெயர்களைக் கிளாக்கர் தலையில் அடித்துக்கொண்டு திருத்தினார். ஆனால் பிறந்த திகதியைத் திருத்த முடியவில்லை. திருத்துவதற்கு யாரிடமும் வேறு திகதி இல்லையே. வருடத்தை மட்டும் அவரவர் குத்துமதிப்பாகச் சொன்னார்கள். மாதமும் நாளும் சுவரிலிருந்து வந்ததுதான்.

எங்கள் லயத்தில் மட்டும் பதினொரு பேர் தைப்பொங்கலன்று பிறந்தவர்கள். அப்பாவும் அதில் ஒருவர். வருடாவருடம் பொங்கல் பானை பொங்கும்போது "பொறந்த நாளுக்காரங்கல்லாம் முன்னால வாங்கப்பா" என்று அம்மா கேலி செய்வாள்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் ஆட்களிடம் மாதிரி என்று ஒன்றைக் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று இந்த உலகத்தில் ஒருத்திக்காவது தெரிந்திருக்க வேண்டுமென்றால், அது எனக்குத்தான்.

ஏழாம் பக்கம்

புத்தகத்தை ஆசையாக எழுதினேன். ஸ்டென்சில் தாளில் ஆங்கில வரிகளைத் தட்டெழுத்தில் அடித்து, தமிழ் விளக்கத்தை ஊசிமுனைப் பேனாவால் கையால் எழுதினேன். பிழை வந்தால் சிவப்பு மருந்தைத் தடவி ஊத வேண்டும். அந்த மருந்து வாசம் இரண்டு வாரம் என் தலைமயிரில் இருந்தது. நான் தங்கியிருந்த வீட்டு அக்கா, நகத்துக்குப் பூசுகிற சாயத்தை நான் ஒளித்து வைத்திருப்பதாக முடிவே செய்துவிட்டாள்.

ஏழாம் பக்கம், பிறந்த திகதியைத் திருத்துவது எப்படி என்பது. அதற்கு உதாரணமாக ஒரு தொழிலாளியின் இலக்கம் வேண்டும். மனதுக்கு வந்ததையெல்லாம் அடித்துப் பார்த்தேன். அப்படி ஓர் ஆள் இல்லை என்று இயந்திரம் ஒவ்வொரு தடவையும் முகத்திலடித்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இலக்கம் ஒன்றே ஒன்றுதான். சின்ன வயதில் தோட்டத்தில் அரிசி வாங்க வரிசையில் நின்று, மறந்துவிடக் கூடாதென்று முணுமுணுத்துக்கொண்டே இருந்த அப்பாவின் செக்ரோல் இலக்கம். அதை அடித்தேன். திரையில் மாயாண்டி என்று ஆங்கிலத்தில் பச்சையாக வந்து நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பாருங்களேன். கொழும்பிலிருந்து வந்த பெட்டிக்கு என் அப்பாவைத் தெரிந்திருக்கிறதே என்று புல்லரித்துப்போனேன்.

உதாரணத்தில் அவரையே வைத்தேன். பழைய திகதிக்கும் புதிய திகதிக்கும் வித்தியாசம் கண்ணில் பட வேண்டும் என்று பத்து வருடம் முந்திய ஒரு திகதியைப் போட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் நான் இயந்திரத்தில் அடித்துப் பார்க்கவில்லை. விளையாட்டுக்குக்கூட அப்பாவின் பதிவில் கைவைக்க மனம் வரவில்லை.

வரியின் நடுவில் இரகசியச் சொல் வருகிற இடத்தில் இரகசியச் சொல்லையே எழுதினேன். ஒரு எழுத்தும் பிசகக் கூடாது என்று சேர் சொல்லியிருந்தாரே. பதினாறு துண்டாகக் கிழித்ததை, பிழையில்லாமல், பெரிய எழுத்தில் ஸ்டென்சிலில் அடித்தேன்.

கனகசபை சேர் எல்லாப் பக்கத்தையும் வாசித்தார். மூன்று இடத்தில் ளகரத்தை ழகரமாகத் திருத்தினார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். றோணியோ இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நாற்பது பிரதி எடுத்தேன். எல்ல, வெலிமடை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போயிற்று. அட்டையில் என் பெயரைப் போடவில்லை என்று இரண்டு நாள் மனத்தாங்கலாக இருந்தது. நல்ல வேளை.

தோமஸ் கிளாக்கரின் பயிற்சி

அப்பாவை உள்ளே அழைத்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்தார். தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, கொம்பியூட்டர் அறைக்கு ஓடி அவருடைய பதிவை எடுத்தேன்.

திகதியைப் பார்த்தேன். அது என்னுடைய திகதி. ஏழாம் பக்கத்துக்காக நான் கற்பனையில் போட்ட திகதி.

மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியில், இயந்திரம் பதித்த காகிதமெல்லாம் மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. உட்கார்ந்து பின்னோக்கிப் புரட்டினேன். ஒரு செவ்வாய்க்கிழமையில் அகப்பட்டது. அன்று முறை தோமஸ் கிளாக்கருடையது. எல்லப் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்தைந்து வருடம் பேரேடு எழுதியவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இந்தப் பெட்டியைக் கற்றே தீருவேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு வந்த மனிதர்.

அவர் அன்று செய்ததெல்லாம் காகிதத்தில் வரிசையாக இருந்தது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் தொடங்கி, ஒவ்வொரு உதாரணத்தையும் எழுத்துக்கு எழுத்து அடித்துப் பழகியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கொப்பி எழுதுகிற மாதிரி ஒரு பிழை கிடையாது. ஏழாம் பக்கத்துக்கு வந்தார். இரகசியச் சொல் நிஜம், இலக்கம் நிஜம், ஆள் நிஜம். இயந்திரத்துக்கு இது பயிற்சி என்று யார் சொல்வது? செய்தாயிற்று என்று பதில் கொடுத்திருக்கிறது.

அன்று சாயந்தரம் அவர் என்னிடம் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "தங்கச்சி, ஒம் பொஸ்தகம் தங்கமான பொஸ்தகம். முழுசா அடிச்சுப் பார்த்தேன், ஒரு எடத்துலயும் முட்டல." நான் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தேன்.

மாதக் கடைசியில், அறுபது வயது ஆனவர்களைப் பொறுக்கி ஓய்வு பெறுவோர் பட்டியல் தானாக அச்சாகி வந்தது. தோட்டம் தோட்டமாகக் கிழித்து உறையில் போட்டவளும் நான்தான். அப்பாவின் தோட்டத்து உறையில் விலாசம் எழுதியதும் இந்தக் கைதான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஒரே ஒரு வரி

சேர் அப்போது இருக்கையில் இல்லை. அறையில் நான் தனியாக இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வந்த முதல் யோசனை ஒழுங்கான யோசனை இல்லை. அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒரு வரி அடித்தால் போதும். அப்பாவுக்குப் பழைய வயது வந்துவிடும். தவறு நடந்துவிட்டது என்று தோட்டத்துக்கு ஒரு கடிதம். என் வேலையும் தப்பும்.

அச்சு இயந்திரத்தை நிறுத்திக்கூட விட்டேன். பாதி வரி அடித்தும் விட்டேன்.

அப்போதுதான் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. நாற்பது புத்தகம் வெளியே இருக்கிறது. நாளைக்கு வெலிமடையிலிருந்து இன்னொரு கிளாக்கர் வருவார். அவரும் நல்ல மனிதராகத்தான் இருப்பார், அவரும் முதல் பக்கத்திலிருந்து பழகுவார். ஏழாம் பக்கத்துக்கு வந்ததும் என் அப்பா மறுபடி ஓய்வு பெறுவார். நான் திருத்தத் திருத்த, முறைவைத்து வந்து அவரை ஓய்வில் அனுப்புவார்கள்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அடித்த பாதி வரியை அழித்துவிட்டு, அச்சு இயந்திரத்தை மறுபடி போட்டுவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சேர் வந்து உட்கார்ந்திருந்தார். ஏழாம் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். அந்தச் சொல்லை விரலால் தொட்டுக் காட்டினேன்.

அதை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் அவர் முகம் வேறு யாருடைய முகமோ மாதிரி இருக்கும்.

"உதை நானெல்லோ வாசிச்சுக் கையெழுத்துப் போட்டனான்" என்றார் மெதுவாக.

"நான்தான் சேர் எழுதினேன்."

"நீ எழுதினாய். நான் ழகரத்தைப் பார்த்தன், இதைப் பார்க்கேல்லை. தெரிஞ்ச பேர் எண்டபடியால் கண்ணிலை படேல்லை." சட்டென்று நிமிர்ந்தார். "பொறு பிள்ளை. அதுதானோ தோமஸ் போன கிழமை, 'உங்கட வீட்டு அம்மா சுகமோ' எண்டு இந்தப் பேரைச் சொல்லிக் கேட்டவர்? சந்தையிலையும் ஒரு கிளாக்கரின்ர மனுசி என்ர மனுசியிட்டையே, 'ஆர் அந்தப் பொம்பிளை' எண்டு கேட்டிருக்கிறா. வீட்டிலை மூண்டு நாளாய் என்னோடை கதை இல்லை!"

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும் உதடு துடித்தது. ஆனால் சிரிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார்.

"அவரோ?"

"ஆமா சேர்."

எழுந்து போய், "ஐயா, பிழை எங்களிலை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அப்பா பதறிக்கொண்டு எழுந்துவிட்டார். கந்தோரில் ஒரு பெரிய மனிதர் தன்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. "அதெல்லாம் பெரிசில்லைங்க" என்று என்னைக் காப்பாற்றுகிற அவசரத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

திருத்தத்துக்குக் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. நடந்ததை நடந்தபடி எழுதினோம். என் கையெழுத்துக்குக் கீழே சேர் தன்னுடையதையும் போட்டார். பலன் கிடைக்காமல் இல்லை. அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. மேலே போய்ச் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது.

புத்தகங்களைத் திருப்பி வாங்கப் பஸ் ஏறி அலைந்தேன். ஒரு தோட்டத்தில் ஏழாம் பக்கத்தைப் பார்த்துக் கையால் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டே மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும், புத்தகத்தைத் துரத்துவதைவிடச் சொல்லை மாற்றுவதுதான் வழி என்று சேரிடம் சொன்னேன். அவருக்கும் அது தெரியும். ஆனாலும் இரண்டு நாள் இழுத்தடித்தார். "வேறை பேர் ஒண்டும் மனசிலை வருகுதில்லை பிள்ளை" என்றார். அந்தப் பசு செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. காலையில் வந்து முதல் வேலையாக அதன் பெயரை அடிப்பது அந்தக் கண்டிப்பான மனிதருக்குப் பிடித்திருந்திருக்கிறது. எனக்கு மிகவும் பாவமாக இருந்தது.

புதிய பதிப்பில், சொல் வருகிற இடத்தில் 'உங்கள் இரகசியச் சொல்' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். தோட்டத்துக்கு ஒரு சொல்லாக அவரவர் வைத்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. மூன்று தோட்டத்துக்காரர்கள் 'உங்கள் இரகசியச் சொல்' என்பதையே இரகசியச் சொல்லாக வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் ஒன்றுமே எழுதாமல் வெறும் கட்டம் ஒன்றை வரைந்தேன். இலக்கத்துக்கு, இயந்திரம் ஒருக்காலும் ஒப்புக்கொள்ளாத வெறும் பூச்சியங்களைப் போட்டேன். கொழும்புக்காரரைத் திரும்ப வரவழைத்து, சொல்லை வரியில் அடிக்காமல் இயந்திரமே தனியாகக் கேட்கும்படி செய்தோம். அப்படி அடிக்கும்போது எழுத்து திரையிலும் விழாது, காகிதத்திலும் விழாது. அட்டைப்பெட்டியிலிருந்த பழைய காகிதத்தையெல்லாம் கந்தோருக்குப் பின்னால் வைத்து எரித்தோம்.

தைப்பொங்கல் பிள்ளைகள்

அதெல்லாம் பிறகு. அன்று காலை, அப்பாவின் பதிவைத் திருத்த சேரே இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"சரியான திகதியைச் சொல்லு."

சொன்னேன். அவர் சரிபார்ப்பதற்காகத் தோட்டத்துப் பழைய பட்டியலை விரித்தார். விரல் மேலிருந்து கீழே போகப் போக நெற்றி சுருங்கியது.

"இதென்ன பிள்ளை? இவ்வளவு சனமும் ஒரே நாளிலையோ பிறந்தவை?"

சுவரில் தொங்கிய படிவத்தைப் பற்றிச் சொன்னேன். ராமசாமி, துறையூர், தைப்பொங்கல் எல்லாம் சொன்னேன். பக்கத்தில் நின்ற அப்பா, தன் பங்குக்கு, "எனக்குத் தெரிஞ்ச தேதின்னு ஒன்னும் இல்லீங்க. செவத்துல இருந்தது நல்ல நாளா இருந்துச்சு" என்றார்.

கனகசபை சேர் சிரித்ததை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, "அப்ப நான் இப்ப ஒரு மாதிரியை அழிச்சுப்போட்டு இன்னொரு மாதிரியைப் போடுறன்" என்று சொல்லிக்கொண்டே வரியை அடித்தார்.

அன்றைக்கே லீவு வாங்கிக்கொண்டு அப்பாவோடு கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். தவறு நடந்துவிட்டது என்று சேர் தோட்டத்துக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி அப்பாவே சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வழியில் லுணுகலையில் இறங்கி, அம்மாவுக்கு என்று பேக்கரியில் ஒரு இறாத்தல் பாண் வாங்கினார். எனக்குக் கோபம் வந்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, வழி முழுக்க, "நான் ஒன்னத் தப்பா நெனைக்கல தாயி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை நானும் பெரட்டுக்குப் போனேன். பனி இறங்கியிருந்தது. முன்வரிசையில் நின்றவர்களைத்தான் அடையாளம் தெரிந்தது. கணக்கப்பிள்ளை கடிதத்தை வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார். அப்பா கத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாயாண்டி!"

கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். அப்பா திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து யாரோ, "இருக்காருங்க, இருக்காருங்க" என்று கத்தினார்கள்.

அதன் பிறகு ஒன்பது வருடம் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு மாதக் கடைசியில் மறுபடி ஓய்வு பெறுவோர் பட்டியல் வந்தது. இந்தத் தடவை நான் ஒவ்வொரு தாளாக வாசித்தேன். அப்பாவின் பெயர் இருந்தது. அந்தத் துண்டை உறையில் போடாமல், நானே எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

அப்பா வாங்கிப் பார்த்தார். ஓரத்து ஓட்டைகளை விரலால் தடவினார்.

"இது நெசமா தாயி, இல்ல மாதிரியா?"

"நெசந்தான்பா" என்றேன்.

அந்தத் தைப்பொங்கல் எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அப்பா சிரித்துக்கொண்டே எழுந்துபோய், கத்தியைக் கழுவித் துடைத்துக் கூரையில் செருகினார்.